மகளுக்குச் சினைப்பைக் கட்டியா? லேப்ராஸ்கோப்பிக்கு முன் தெரிந்துகொள்ள

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது வலது சினைப்பையில் 7 செ.மீ. கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. "நீர்க்கட்டிதானே, வெந்தயம் ஊறவைத்துக் கொடு" என்றார் நாத்தனார். இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பி.சி.ஓ.டி.யையும் நாம் நீர்க்கட்டி என்றுதான் சொல்கிறோம். அது ஹார்மோன் கோளாறு, இப்படித் தனியாக வளரும் கட்டி வேறு.

வயதுக்கு வந்த பெண்களுக்கு வரும் வெறும் தண்ணீர்க் கட்டி, சிறியதாக இருந்தால் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். இரண்டு மூன்று மாதவிலக்கு கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள். என் மகளுக்கு இருந்தது டெர்மாய்டு. உள்ளே கொழுப்பும் முடியும் இருக்கும், அது கரையாது. அதனால் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன், என்று முடிவானது.

ஸ்கேனை வயிற்றின் மேல்தான் வைப்பார்கள் என்று பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருப்பதுதான் கஷ்டம். அப்புறம் ரத்தப் பரிசோதனை. சீட்டில் 'பீட்டா எச்.சி.ஜி.' என்று பார்த்ததும் என் கணவர் முகம் மாறிவிட்டது, கர்ப்பத்துக்குப் பார்ப்பதாயிற்றே என்று. சில வகைக் கட்டிகளும் அதைச் சுரக்கும், அதற்காகத்தான் பார்க்கிறார்கள். பிள்ளையைச் சந்தேகப்படாதீர்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது: "கட்டியை மட்டும் உரித்து எடுப்பீர்களா, சினைப்பையோடு எடுப்பீர்களா?" நாங்கள் முதலில் போன இடத்தில் சினைப்பையோடு எடுத்துவிடலாம் என்றார்கள். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் போனோம். அவர் கட்டியை மட்டும் எடுத்தார்.

தேதிக்குக் காத்திருக்கும்போது திடீரென ஒரு பக்கம் சுண்டி இழுக்கிற வலியும் வாந்தியும் வந்தால், வலி மாத்திரை கொடுத்து விடியும்வரை பார்க்காதீர்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள். கறுத்துப்போன சினைப்பையைக்கூட முறுக்கை அவிழ்த்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

முந்தின நாள் தொப்புளைச் சுத்தம் செய்து, நகப்பூச்சை அழித்துவிடுங்கள். எத்தனை மணியிலிருந்து பட்டினி என்று கேட்டு எழுதி வையுங்கள். எங்களுக்குச் சாப்பாடு ஆறு மணி நேரம், தண்ணீர் இரண்டு மணி நேரம். பாட்டி பாசத்தில் பிஸ்கட் கொடுத்துவிடப் போகிறார், கவனம்.

தொப்புளில் ஒரு துளை, அடிவயிற்றில் அரை சென்டிமீட்டரில் இரண்டு. கார்பன் டை ஆக்சைடை ஏற்றி வயிற்றை உப்ப வைத்துத்தான் வேலை செய்வார்கள். கண் விழித்ததும் என் மகள் வயிற்றைத் தொடவில்லை, "அம்மா, தோள்பட்டை வலிக்குது" என்றாள். பயந்துபோனேன். மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அப்படி இருக்கும், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார் நர்ஸ். வராந்தாவில் மெல்ல நடக்க வைத்தோம்.

மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். காய்ச்சல், துளையில் சீழ், வயிற்று வலி கூடுவது, இதில் எது வந்தாலும் உடனே திரும்பப் போக வேண்டும். பத்து நாளில் பள்ளிக்கூடம் போனாள். சைக்கிளும் விளையாட்டும் ஒரு மாதம் கழித்துத்தான். எடுத்த கட்டியைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்கி ஃபைலில் வையுங்கள். டெர்மாய்டு மறுபக்கமும் வரலாம் என்பதால் அவ்வப்போது ஸ்கேன் உண்டு.

லீவ் லெட்டரில் என்ன எழுதுவது என்று அவளையே கேட்டேன். "வயிற்றில் ஆபரேஷன்னு மட்டும் எழுதும்மா" என்றாள். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.