புகையும் பழமும் கலந்த இலையுதிர்கால வாசனைத் திரவியத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஐரோப்பாவில் பிளம், அத்தி, ஆப்பிள் ஆகியவை மரத்திலிருந்து இறங்கும் வாரங்களையொட்டியே, வீட்டுக் கணப்புகளில் விறகு எரியத் தொடங்குகிறது. அழுகும் நிலைக்குச் சற்று முன்னால் நிற்கும் பழத்தின் இனிப்பும், எரியும் கட்டையின் கசப்பும் ஒரே காற்றில் கலந்து வரும் அந்தப் பருவத்தைக் குப்பிக்குள் அடைக்க முயன்றவையே இவ்வகை வாசனைத் திரவியங்கள். கடையில் பூவாசனையைத் தேர்ந்தெடுப்பதுபோல் இவற்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. முதல் பத்து நிமிடத்தில் பழம்தான் முந்திக்கொண்டு வரும். நாம் நாள் முழுவதும் அணிந்திருக்கப்போவது அதற்குப் பின்னால் வரும் புகையையும் மரத்தையும்தான். ஆகவே, ஒரு குப்பி அணிபவரின் எத்தகைய குணத்தைச் சுட்டுகிறது என்பதை அதன் மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் தீர்மானிக்க வேண்டும்.

எதை முகர்கிறோம் என்பது தெரிந்திருந்தால் இந்தத் தீர்மானம் எளிதாகும். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் தோலிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். பிளம், பீச், ஆப்பிள் போன்ற சதைப்பற்றுள்ள பழங்களிலிருந்து வாசனைத் தொழிலுக்கு உதவும் எண்ணெய் கிடைப்பதில்லை. ஆகவே குப்பியில் உள்ள பழம் பெரும்பாலும் வேதிப்பொருள்களால் கட்டப்பட்டதாகவே இருக்கும். பீச்சின் தோலையும் பாலேட்டையும் ஒருசேர நினைவூட்டும் காமா அன்டெகலாக்டோன் அவற்றில் ஒன்று. ரோஜா எண்ணெயில் மிக நுண்ணிய அளவில் காணப்படும் டாமஸ்கோன் குடும்பம், உலர்ந்த பிளம், வேகவைத்த ஆப்பிள், சற்றே புகையிலை ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தருவதால், இலையுதிர்காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்றே சொல்வேன். ஆப்பிள், அன்னாசி வாசனை தரும் எஸ்டர்கள் விரைவில் ஆவியாகிவிடும். காமா அன்டெகலாக்டோன் போன்ற லாக்டோன்களும் டாமஸ்கோன்களும் நெடுநேரம் தங்கும்.

புகையின் மூலங்கள் பல. பிர்ச் மரப்பட்டையைக் காற்றுப் புகாமல் சூடாக்கி வடிக்கும் கருந்தார், முற்காலத்தில் ரஷ்யாவில் தோலைப் பதப்படுத்தப் பயன்பட்டது. ஆகவே அதன் புகையில் எப்போதும் தோல்பொருளின் வாசனை ஒட்டியிருக்கும். கேட் எண்ணெய் ஒருவகை ஜூனிப்பர் மரத்திலிருந்து வருவது. கருகிய கட்டையின் கடுமை உடையது. குவாயக் மரத்தின் புகைவாசனை இதைவிட மென்மையானது. இந்தியாவின் நாகர்மோத்தா (கோரைக்கிழங்கு) எண்ணெயும் ஜாவா வெட்டிவேர் எண்ணெயும் மண்ணோடு கலந்த புகையைத் தருகின்றன. சாம்பிராணிப் பிசின் அடித்தளத்தில் வெனிலாவைப் போன்ற இனிப்பைச் சேர்க்கும்; தமிழ் வாசகர்களுக்கு இது மட்டும் உடனே பிடிபட்டுவிடும். சுத்திகரிக்காத பிர்ச் தாரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் இருப்பதால், சுத்திகரித்ததை மட்டுமே அளவோடு பயன்படுத்தலாம் என்பது வாசனைத் தொழிலின் விதி. வீட்டில் கலந்து பார்க்க விரும்புபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்மாதிரிகள் சில தேவை. கெர்லான் என்ற பிரெஞ்சு வாசனை நிறுவனத்துக்காக ஜாக் கெர்லான் 1919இல் உருவாக்கிய மிட்சுகோவில் நெருப்புப் புகை கிடையாது. பீச்சும் ஓக் மரப்பாசியும் சேர்ந்து ஈரக்காட்டில் இலை மக்கும் வாசனையைத் தரும். 1992இல் ஜப்பானிய அழகுப்பொருள் நிறுவனமான ஷிசெய்டோ வெளியிட்ட ஃபெமினித்தே து ப்வா இந்த வகையின் மையம். அந்நிறுவனத்தின் கலை இயக்குநராக இருந்த செர்ஜ் லூத்தான்ஸின் கற்பனைக்கு, வாசனைக் கலைஞர்களான பியர் பூர்தோனும் கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக்கும் வடிவம் கொடுத்தார்கள். அதில் அட்லஸ் செடார் மரத்தின் உலர்ந்த தன்மைமேல் பிளம் பழம் ஏறி உட்கார்ந்திருக்கும். இலவங்கம் முதலிய மசாலா வாசனைகள் அதை வெதுவெதுப்பாக்கும். 2010இல் வந்த, க்ரீட் நிறுவனத்தின் அவெண்டஸ் மறுமுனை: அன்னாசியின் பளிச்சென்ற இனிப்புக்கு அடியில் பிர்ச் புகை. இலையுதிர்காலத்துக்குரியது அன்று என்றாலும், பழமும் புகையும் சேர்ந்து வேறொரு குணத்தை எப்படிக் காட்டும் என்பதை அறிய அதை முகர்ந்து பார்ப்பது நல்லது.

ஒரே அமர்வில் மூன்றுக்கு மேல் முகர வேண்டாம். முதலில் காகிதப் பட்டையில் தெளித்து, பெயரையும் நேரத்தையும் பட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தெளித்தவுடன் மூக்கருகே கொண்டுபோனால் ஆல்கஹாலின் நெடிதான் வரும்; ஒரு நிமிடம் பொறுத்து, பட்டையை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சிறுசிறு மூச்சாக இழுங்கள். இப்போது பழம் எந்த நிலையில் இருக்கிறது என்று கவனியுங்கள்: காயா, கனியா, வற்றலா, சாராயத்தில் ஊறியதா? அரை மணி நேரத்தில் பழத்தின் ஓரங்கள் மங்கி, அடியிலிருந்து ஒரு வறட்சி எழும்பும். அந்த வறட்சி மரத்தூளை நினைவூட்டினால் செடார். மருந்துக்கடை நெடியோ கருவாட்டின் புகையோ தெரிந்தால் பிர்ச் அல்லது கேட். மூக்கு களைத்துவிட்டால் கடைக்காரர் காப்பிக்கொட்டையை நீட்டுவார்; அதைவிட வெளியே போய் நல்ல காற்றில் சிறிது நேரம் நிற்பதே மேல். காகிதத்தில் தேறியதை மட்டும் மறுநாள் முழங்கையின் உட்புறத்தில் ஒருமுறை தெளித்துக்கொண்டு, வழக்கமான வேலைகளைப் பார்த்துவிட்டு, நான்கு மணி நேரம் கழித்து முகருங்கள். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்கும் பழக்கம் வேண்டாம்.

இனி குணம். வாசனைத் திரவியம் அணிபவரின் இயல்பை மாற்றாது. அருகில் வருபவர் அவரைப் பற்றிக் கொள்ளும் முதல் எண்ணத்தில் ஒரு பங்கு வகிக்கும், அவ்வளவுதான். பழம் ஜாமைப்போலக் கெட்டியாக இனித்து, அடியிலும் வெனிலாவே நின்றால், விருந்தையும் கூட்டத்தையும் விரும்பும் மனிதரை அது காட்டும். புகை அங்கே அலங்காரம் மட்டுமே. பிர்ச் ஓங்கி நின்றால் அதிகாரமும் உறுதியும் தெரியும். சில சமயம் தேவைக்கு மேல் விறைப்பாகவும் தெரியும். நான் மதிக்கும் வகை இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது. அதில் பழம் உலர்ந்திருக்கும், புகை மெல்லியதாக இருக்கும். அருகில் உட்கார்ந்து பேசுபவருக்கே முழுமையாகத் தெரியும். முதல் பார்வைக்கு இனிமையாகவும், பழகப் பழகத் தன் கசப்பையும் மறைக்காமலும் இருக்கும் மனிதர்கள் உண்டல்லவா, அவர்களை இந்த நறுமணம் சுட்டுகிறது. அனுபவம் உள்ளவர், தனிமைக்கு அஞ்சாதவர், அவசரப்பட்டுப் பேசாதவர் என்ற எண்ணத்தை அது எழுப்பும். ஆண், பெண் என்ற பிரிவுக்கு இங்கே இடமே இல்லை. ஃபெமினித்தே து ப்வா பெண்களுக்கென்று வந்தாலும், ஆண்களின் வாசனைப்பொருளாகவே அன்று கருதப்பட்ட செடாரை நடுவில் வைத்ததுதான் அதன் துணிச்சல்.

இந்தக் குணம் தமக்குப் பொருந்துமா என்று தயங்குபவர்கள், நெருங்கிய ஒருவரிடம் “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்பதைவிட, “இதை அணிபவர் எப்படிப்பட்டவராக இருப்பார்?” என்று கேட்கலாம். அவர் தரும் விவரிப்பு உங்களுக்கு உவப்பாக இருந்தால் வாங்கலாம். அப்போதும் பெரிய குப்பிக்குப் போகாமல், 2 மில்லி மாதிரிக் குப்பியை ஒரு வாரம் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது.

அணியும் அளவில் கண்டிப்பு வேண்டும். குளிர்ந்த காற்றில் புகை மெதுவாக எழும். டொராண்டோவிலோ லண்டனிலோ அக்டோபர் மாதத்தில் கழுத்தில் ஒன்றும் மார்பில் ஒன்றுமாக இருமுறை தெளித்தால் மாலைவரை போதும். சென்னையின் வெப்பத்தில் அதே அளவு அருகில் இருப்பவரைத் திணறடித்துவிடும். அங்கே மார்கழி மாலைகளில் ஒருமுறை தெளிப்பது போதுமானது. அணிந்தவரின் மூக்கு சிறிது நேரத்தில் பழகிவிடுவதால், வாசனை போய்விட்டது என்று எண்ணி மேலும் தெளித்துக்கொள்வதே இவ்வகையில் அதிகம் நேரும் பிழை. கம்பளிச் சால்வையில் புகை நாள்கணக்கில் தங்கும். வெளிர்நிறப் பட்டில் அடர்நிறத் திரவியம் கறையாகும் என்பதால் அதில் தெளிக்கக் கூடாது. டாமஸ்கோன்களும் ஓக் மரப்பாசியும் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால்தான் அவற்றின் அளவுக்கு வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. சிவந்து அரித்தால் உடனே கழுவிவிட்டு, அந்தக் குப்பியைத் துணிக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். குளியலறை அலமாரியின் வெப்பமும் ஈரமும் பழவாசனையை முதலில் கெடுத்துவிடும் என்பதால், குப்பியை அதன் அட்டைப்பெட்டியிலேயே வைத்து, வெயில் படாத அலமாரியில் மூடிவைக்க வேண்டும்.