கவிதை பகிர்றதுலயும் கருத்து சொல்றதுலயும் நான் பண்ணின தப்புகள், நீங்களாவது பண்ணாதீங்க

போன வாரம் நாங்க கவிதை பகிர்ந்துக்கற குரூப்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி, இன்னொருத்தரோட கவிதைக்கு "நல்லா இருக்கு தோழர், ஆனா இப்படி மாத்திப் பாருங்களேன்"னு சொல்லி முழுக் கவிதையையும் தானே புதுசா எழுதிப் போட்டிருந்தார். பாத்ததும் எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா பல வருஷத்துக்கு முன்னாடி இதே வேலையை இதே பணிவோட பண்ணினவன் நான். அவருக்குத் தனியா ரெண்டு வரி அனுப்பலாம்னுதான் உட்கார்ந்தேன், அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு, சரி இதே தப்பைப் பண்ணக் காத்திருக்கற எல்லாருக்கும் சேத்தே எழுதிடலாம்னு எழுதறேன்.

எழுத்துப்பிழை பாருங்க, ஒற்று விடாதீங்க, ஒரே நாள்ல எட்டு கவிதை போடாதீங்க, இதெல்லாம் ஏற்கனவே எல்லாரும் சொல்லியாச்சு. அதை விட்டுடறேன்.

கவிதைக்கு முன்னாடி கதை சொல்றது

"பாட்டி ஆஸ்பத்திரில இருந்தப்ப அழுதுக்கிட்டே எழுதினது, பிழை இருந்தா பொறுத்துக்கங்க." இதைப் படிச்சப்புறம் கவிதைல மூணாவது வரி சப்புன்னு இருக்குன்னு எவனுக்காவது வாய் வருமா? பாட்டிக்கு எப்படி இருக்குன்னுதான் கேப்பாங்க. நீங்களும் பாட்டி நல்லா இருக்காங்கன்னு பதில் சொல்லிட்டுப் போவீங்க, கவிதை அங்கயே அநாதையா கிடக்கும். இன்னொண்ணு, முன்னுரைல சொன்ன சோகத்தையெல்லாம் படிக்கறவங்க தாங்களே கவிதைக்குள்ள போட்டுப் படிச்சுப்பாங்க, அப்புறம் அந்தச் சோகம் கவிதைல நிஜமா இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. கவிதையை மட்டும் அனுப்புங்க. யாராவது கேட்டா அப்புறம் சொல்லிக்கலாம்.

"அருமை கவிஞரே"

இது மொய்க் கணக்கு. நான் உனக்கு ஒரு அருமை, நீ எனக்கு ஒரு சிறப்பு. ரெண்டு வருஷம் நானும் விடாம மொய் எழுதியிருக்கேன், எழுதாதவங்க யாருன்னு மனசுக்குள்ள லிஸ்ட்டும் வெச்சிருந்தேன், வெக்கம்தான். ஒரு தடவை முதல் வரியை மட்டும் பாத்துட்டு "வலி மிகுந்த வரிகள்"னு போட்டேன். மூக்குக்கண்ணாடியை நெத்தில ஏத்தி வெச்சுக்கிட்டு வீடு பூரா அதையே தேடற ஆளைப் பத்தின கிண்டல் கவிதை அது. எழுதினவர் ரொம்ப மரியாதையா "எந்த வரி அண்ணா?"ன்னு கேட்டார். இன்னி வரைக்கும் நான் பதில் சொல்லலை.

நீங்க எழுதின கருத்தை அப்படியே எடுத்து வேற ஒரு கவிதைக்குப் போட்டுப் பாருங்க. அங்கயும் கச்சிதமா பொருந்துச்சுன்னா நீங்க கவிதையைப் படிக்கலைன்னு அர்த்தம்.

தப்பான படியால அளக்கறது

புதுக்கவிதைக்குப் போய் எதுகை எங்க மோனை எங்கன்னு கேக்கறது, அஞ்சாறு வரி எழுதினவரை ஏன் ஹைக்கூ மாதிரி மூணு வரில முடிக்கலைன்னு கேக்கறது, இதெல்லாம் அரிசியை முழம் போட்டு அளக்கற கதை. ஹைக்கூன்னா 5-7-5 எழுத்து இருக்கணுமேன்னு விரல் விட்டு எண்ணற ஆளுங்களும் இருக்காங்க. அந்தக் கணக்கு ஜப்பானிய மொழியோட ஒலியசைக் கணக்கு, நம்ம எழுத்துக் கணக்கும் அதுவும் ஒண்ணு கிடையாது. பாரதியார் 1916லயே சுதேசமித்திரன்ல ஜப்பானியக் கவிதை பத்தி எழுதியிருக்கார், அவருக்குப் பிடிச்சது சுருக்கமா சொல்லி மிச்சத்தைப் படிக்கறவங்க கிட்ட விட்டுடற குணம்தான்.

ஆனா ஒருத்தர் தானே தலைப்புல வெண்பான்னு போட்டுக்கிட்டா அப்ப தாராளமா தளை, அதாவது ஒரு சீரும் அடுத்த சீரும் சேர்ற விதி, பாக்கலாம், பாக்கத்தான் வேணும், அதைத்தான் அவரும் கேக்கறார். ஒரு சீர் மாவுல முடிஞ்சா அடுத்த சீர் நிரையசைல ஆரம்பிக்கணும், விளத்துலயோ காய்லயோ முடிஞ்சா நேரசைல ஆரம்பிக்கணும், கனிச்சீர் வரவே கூடாது, கடைசி அடி மூணு சீர், முடியறது நாள், மலர், காசு, பிறப்புல ஒண்ணு. ஒரு நண்பர் "நிலவு வந்தது"ன்னு எழுதியிருந்தார். நிலவு புளிமா, வந்தது கூவிளம், மாவுக்கு அடுத்து நேர் வருது, தளை தட்டுது. "நிலவு மறைந்தது"ன்னா, மறைந்தது கருவிளம், நிரைல ஆரம்பிக்குது, தட்டாது. நிலா வந்தா தட்டுது, மறைஞ்சா சரியாப் போகுது, பாவம் அவர் எழுதினது காதல் கவிதை.

அடுத்தவங்க கவிதையைத் திருத்தி எழுதிக் கொடுக்கறது

இப்ப விஷயத்துக்கு வரேன். மத்ததெல்லாம் சின்னச் சின்னக் காயம். இது ஆளையே காலி பண்ணிடும்.

எங்க குரூப்ல ஒரு பொண்ணு இருந்தாங்க. அதிகம் பேச மாட்டாங்க, மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுதான் எழுதுவாங்க. ஒரு நாள் இதை அனுப்பினாங்க:

பூட்டிவிட்டு
மூன்று முறை இழுத்துப் பார்ப்பார் அப்பா
இப்போது நான் இழுக்கிறேன்
ஒரு முறை
இரண்டு முறை
பூட்டு பூட்டித்தான் இருக்கிறது

அந்தக் காலத்துல நான் குரூப்ல பெரிய ஆள், ரெண்டு பத்திரிகைல என் கவிதை வந்திருந்துச்சு, அந்தத் திமிர் வேற. படிச்ச ரெண்டாவது நிமிஷம் பதில் போட்டேன், நல்ல கரு தங்கச்சி, ஆனா முதல்ல மூன்று முறைன்னு சொல்லிட்டு கீழ ரெண்டோட நிறுத்திட்டீங்க, மூணாவது விட்டுப்போச்சு பாருங்க, கடைசி வரியும் வெறும் தகவலா நிக்குது, உணர்ச்சி பத்தலைன்னு. அதோட நிறுத்தியிருந்தாக்கூட பரவால்ல. ஐயா சும்மா இருப்பாரா? "மூன்று முறை"ன்னு ஒரு வரி சேத்து, கடைசி வரியைத் தூக்கிட்டு "இழுத்துப் பார்க்க நீதான் இல்லை அப்பா"ன்னு போட்டு முழுக் கவிதையையும் என் கையால எழுதிக் கொடுத்தேன். குரூப்பே கொண்டாடுச்சு. கண்ணீர் வந்துடுச்சு அண்ணா, கடைசி வரி கொன்னுடுச்சு அண்ணான்னு வரிசையா வந்துச்சு. அந்தப் பொண்ணு "நன்றி அண்ணா, மாத்திடறேன்"னு சொல்லி மாத்திட்டாங்க.

எத்தனையோ வருஷம் கழிச்சு ஒரு நாள் நானே வீட்டைப் பூட்டிட்டு வெளிய நின்னப்பதான் மண்டைல உறைச்சது. மூணாவது முறை விட்டுப்போகலை. அதுதான் கவிதையே. அப்பா மூணாவது தடவை இழுப்பார், பொண்ணால ரெண்டுக்கு மேல இழுக்க முடியலை, ஏன்னு சொல்லலை, அந்த இடத்துல கை நின்னு போயிடுது. அப்புறம் வரி சாதாரணமா பூட்டு பூட்டித்தான் இருக்குன்னு சொல்லுது. அந்தச் சாதாரணத்துக்குப் பின்னாடி எவ்வளவு பெரிய காலி இடம். அந்த ஓட்டையை நான் சிமெண்ட் வெச்சுப் பூசி, மேல ஒரு அழுகையை எழுதி ஒட்டிட்டு வந்திருக்கேன்.

சேதம் அந்த ஒரு கவிதையோட போயிருந்தா இவ்வளவு புலம்ப மாட்டேன். அதுக்கப்புறம் அவங்க எதையும் நேரா குரூப்ல போடறதில்ல, முதல்ல எனக்கு அனுப்புவாங்க, "கொஞ்சம் பாத்துக் குடுங்க அண்ணா"ம்பாங்க, எனக்கும் அது பெருமையா இருந்துச்சு, பாத்துப் பாத்துக் குடுத்தேன். ஆறேழு கவிதைக்கப்புறம் அவங்க எழுதறது அச்சு அசல் என்னோடது மாதிரியே ஆயிடுச்சு, அதே கேள்விக்குறி, அதே கடைசி வரி அழுகை. என்னை மாதிரி எழுத நான் ஒருத்தன் போதாதா? அப்புறம் மெல்ல எழுதறதையே விட்டுட்டாங்க. கேட்டப்ப வேலை ஜாஸ்தி அண்ணான்னாங்க. இருக்கலாம். எனக்கு அந்தப் பதில்ல நம்பிக்கை இல்ல.

குத்தம் சொல்லவே கூடாதுன்னு நான் சொல்லலை. நம்ம மரபுல அதுக்கொண்ணும் பஞ்சமில்ல. மோசமான கவிதைக்குப் பிள்ளைப் பாண்டியன் தலைல குட்டுவான், வில்லிபுத்தூரார் காதை அறுப்பார், ஒட்டக்கூத்தர் தலையவே வெட்டுவார்னு ஒரு தனிப்பாட்டே இருக்கு. சீத்தலைச் சாத்தனார் பிழையான பாட்டைக் கேட்டா எழுத்தாணியால தன் தலைலயே குத்திப்பாராம், நிஜமோ இல்லையோ, அடுத்தவன் தலையை விட்டுவெச்ச வரைக்கும் நல்ல மனுஷன். எல்லாத்துக்கும் மேல நக்கீரர், குரூப்புக்கு நாலு பேர் அந்த வேஷத்தைப் போட்டுக்கிட்டுத் திரியறாங்களே, அவர் கதையைக் கவனிச்சுப் பாருங்க. தருமி கொண்டுவந்த பாட்டுல சொல்லுல குத்தமில்ல, பொருள்ல குத்தம்னார். பெண்ணோட கூந்தலுக்கு இயற்கையா மணம் உண்டாங்கற ஒரே ஒரு இடத்துல விரல் வெச்சார். சிவபெருமானே வந்து நின்னும் அந்த இடத்தை விட்டு நகரலை. ஆனா கடைசி வரைக்கும் "இந்தா, இப்படி மாத்திக்கோ"ன்னு அவர் ஒரு வரி எழுதிக் கொடுக்கலை. பாட்டு குறுந்தொகைல ரெண்டாவது பாட்டா இன்னிக்கும் அப்படியே இருக்கு.

அப்ப என்னதான் சொல்றது? எந்த வரில கண்ணு நின்னுச்சு, எங்க குழம்பினீங்க, எங்க ரெண்டாவது தடவை திரும்பிப் போய்ப் படிச்சீங்க, இதைச் சொல்லுங்க. வார்த்தை கிடைக்கலைன்னா நன்னூலைத் தொறங்க, பவணந்தி முனிவர் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றத்துல பாதி நம்ம கவிதைக்காகவே எழுதின மாதிரி இருக்கும். கூறியது கூறல்: ஒரே விஷயத்தை மூணு உவமைல சொல்றது. மற்றொன்று விரித்தல்: மழைல ஆரம்பிச்சு அரசியலுக்குப் போயிடறது. சென்று தேய்ந்து இறுதல்: முதல் நாலு வரி கம்பீரமா வந்து கடைசில நூலாத் தேஞ்சு நின்னுபோறது, நான் படிக்கற கவிதைகள்ல முக்கால்வாசிக்கு இதுதான் வியாதி. இப்படிப் பேர் சொல்லிக் காட்டினா எழுதினவருக்கு எங்க கோளாறுன்னு தெரியும், எப்படி மாத்தறதுங்கறது அவர் பாடு. அப்புறம் எதாவது விட்டுப்போன மாதிரி இருந்தா, விட்டுப்போச்சுன்னு தீர்ப்பு சொல்லாதீங்க, "மூணாவது முறை எங்க?"ன்னு கேளுங்க. நான் அதைக் கேட்டிருந்தா அந்தப் பொண்ணு என்ன சொல்லியிருப்பாங்கன்னு இப்பவும் அப்பப்ப யோசிப்பேன்.

சொல்றவங்க சொல்றதையெல்லாம் கேக்கறது

இது வாங்கற பக்கம் இருக்கறவங்களுக்கு. மூணு பேர் ஒரே வரில தடுக்கி விழறாங்கன்னா அங்க ஏதோ கல் இருக்கு, அதை நம்புங்க. ஆனா அந்த மூணு பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வாங்க பாருங்க, அதை நம்பாதீங்க. பல தடவை கல் அந்த வரில இருக்காது, ரெண்டு வரி முன்னாடி இருக்கும்.

விளக்கம் சொல்லி ஜெயிக்கறது

ஜெயிச்சுடுவீங்க. அடுத்த கவிதைக்கு யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்க.

போனோட அகலத்தை மறக்கறது

கம்ப்யூட்டர்ல அழகா நாலு அடியா தெரியறது போன்ல ஏழா உடைஞ்சு வரும், படிக்கறவங்க நீங்கதான் அங்க வரியை மடக்கினீங்கன்னு நெனச்சு அதுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சுப் பாராட்டுவாங்க, எனக்கு நடந்திருக்கு, நானும் ஆமாம்னு தலையாட்டிட்டேன். அதுக்காகப் படமா போட்டா வரி உடையாது, ஆனா யாராலயும் ஒரு வரியை எடுத்துக் காட்டிப் பேச முடியாது. ரெண்டையும் சேத்துப் போடுங்க.

போட்டிக்கு எடுத்துவெச்சதைப் பொதுவுல போடறது

நெறைய பத்திரிகைகளும் போட்டிகளும் சமூக ஊடகத்துல பொதுவா போட்டாலே பிரசுரமானதுன்னுதான் கணக்கு எடுப்பாங்க. விதியைப் படிச்சுட்டு அப்புறம் பகிருங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதி ரெண்டு அஞ்சுக்கு அனுப்பறது

காலைல அனுப்புங்க.

மாத்தினதுக்கு மேலயே மாத்தறது

கருத்து வந்ததும் பழசை அழிச்சுட்டு அதே இடத்துல புதுசை எழுதாதீங்க. தேதி போட்டு ஒவ்வொரு வடிவத்தையும் தனியா வெச்சுக்கங்க, நோட்டுலயோ போன்லயோ எங்கயாவது. அந்தப் பூட்டுக் கவிதையோட முதல் வடிவம் இருக்கான்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டேன். நீங்க திருத்தினதுதான் இருக்கு அண்ணான்னாங்க. மேல நான் எழுதியிருக்கறது என் ஞாபகத்துல இருந்து எழுதினது, ஒரு வரி முன்னபின்ன இருக்கலாம்.