குழந்தைக்கு 'ழ', 'ர' வரவில்லையா?

'பழம்' என்பதைக் குழந்தை 'பயம்' என்று சொன்னால், "தப்பு, திரும்பச் சொல்லு" என்று நிறுத்த வேண்டாம். "ஆமாம், பழம்தான், பெரிய பழம்" என்று நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

பயிற்சிக்கு என்று தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். இருவரும் கண்ணாடி முன் உட்காருங்கள். 'ள' சொல்லும்போது மடிந்த நாக்கின் நுனி மேலண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கும் அப்படியே மடியும், ஆனால் தொடாது. அதனால் 'ள' வருகிற குழந்தையிடம், "நாக்கை அங்கேயே வை, ஆனால் ஒட்டாதே" என்று சொல்லிப் பாருங்கள். நீங்களும் வாயைத் திறந்து காட்டுங்கள். சிரிப்பு வரும், வரட்டும். 'ர'வுக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஒரு தட்டுத் தட்டி விலகும்.

தனி ஒலி வந்ததும் 'ஆழ', 'ஈழி' என்று உயிரெழுத்தோடு சேர்த்துச் சொல்லலாம். அப்புறம் மழை, குழி, கீழே. வாக்கியம் கடைசியில்தான்.

நாக்கை நீட்டுவது, பலூன் ஊதுவது போன்றவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒலியைச் சொல்லிப் பழகினால்தான் ஒலி வரும்.

இந்த எழுத்துகள் பொதுவாகத் தாமதமாகவே வருபவை. மூன்று வயதில் வரவில்லை என்று பதற வேண்டாம். நான்கு வயதிலும் பேச்சு வெளியாட்களுக்குப் பெரும்பாலும் புரியவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் வயதைப் பார்க்காமல் உடனே பரிசோதியுங்கள்.