களியக்காவிளைப் பக்கம் புளூகிராஸ்: கூட்டத்தோடு வாசிக்கவும் பாடவும்

யூடியூபில் யாரோ ஒருத்தர் பேஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தில் பொரிந்து தள்ளுவதைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் நமக்கு வராது என்று மூடி வைக்கிறவர்கள்தான் அதிகம். அந்த வேகம் அப்புறம் வரட்டும். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து புளூகிராஸ் என்ற அமெரிக்கக் கிராமத்து இசையை வாசிக்கிற இடத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி கிடைக்க மூன்று கார்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டு), தாளம் பிசகாத வலது கை, பாடுகிறவர் குரலைக் கவனிக்கிற காது, இவ்வளவு போதும். சோலோ தெரியாதவரை யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். தாளத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறவரைத்தான் அடுத்த வாரம் கூப்பிடலாமா என்று யோசிப்பார்கள்.

இந்த இசைக்கு ஊர் அமெரிக்காவின் கென்டக்கி. 1911இல் அங்கே பிறந்த பில் மன்றோ என்ற மேண்டலின்காரர் தன் குழுவுக்கு புளூ கிராஸ் பாய்ஸ் என்று வைத்த பெயர்தான் பிறகு இந்தப் பாணிக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பேஞ்சோவோடு வந்து சேர்ந்ததும் இன்று நாம் கேட்கிற சத்தம் உருவாகிவிட்டது. வெள்ளைக்காரக் கிராமத்து இசை என்று சுருக்கிவிடாதீர்கள். பேஞ்சோவின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது, மன்றோவே ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டதாகச் சொன்னவர்.

நம் பகுதிக்கு இது பொருந்துமா என்றால், நன்றாகவே பொருந்தும். குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இந்த வரிசையில் எந்தத் தெருவிலும் சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிற ஒரு பையன் இருப்பான், பாமாலையை நாலு பார்ட்ஸாகப் பிரித்துப் பாடிப் பழகிய அக்காவோ சித்தியோ பக்கத்து வீட்டில் இருப்பார். புளூகிராஸ் பாட்டில் சேர்ந்து பாடுவதற்குப் பெரிய பங்கு உண்டு, அதிலும் பக்திப் பாட்டுகளுக்குத் தனி இடம் உண்டு. ஆக, மற்ற ஊர்க்காரர்கள் வருஷக் கணக்கில் பழகுகிற காது இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

வாத்தியம் என்று பார்த்தால் ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக் கிட்டார், மேண்டலின், வயலின், ஐந்து கம்பி பேஞ்சோ, நின்றுகொண்டு வாசிக்கிற பெரிய பேஸ். ஐந்தும் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பில் மன்றோவும் அவர் அண்ணன் சார்லியும் 1930களில் ஒரு மேண்டலின், ஒரு கிட்டார், இரண்டு குரல், இதை மட்டும் வைத்தே ரிக்கார்டு போட்டார்கள். இரண்டு பேர் கிடைத்தால் அன்றைக்கே தொடங்கிவிடலாம்.

பேஞ்சோ வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்கணும். கடையில் பேஞ்சோ என்று கேட்டால் டைப்ரைட்டர் மாதிரி கட்டை வைத்த புல்புல்தாராவை எடுத்து மேஜையில் வைப்பார்கள், நம் நாட்டில் அதற்கும் அந்தப் பெயர்தான். வட்டமான தோல் முகம், நீண்ட கழுத்து, கழுத்தின் பாதியில் தொடங்குகிற குட்டையான ஐந்தாவது கம்பி, இது மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு கம்பி மட்டும் இருந்தால் அது வேறு வகை, அதில் ஸ்க்ரக்ஸ் பாணி வராது. வயலின்காரர் கர்நாடக சங்கீதம் படித்தவராக இருந்தால் அவர் கம்பிகள் ச-ப-ச-ப என்று இருக்கும், அதை ஜி-டி-ஏ-ஈ என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், மேண்டலினுக்கும் அதே சுருதிதான் என்பதால் இரண்டு பேரும் ஒருவர் விரலை ஒருவர் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். பெரிய பேஸ் இந்தப் பக்கம் கண்ணில் படுவதே அபூர்வம். பேஸ் கிட்டாரைச் சின்ன ஆம்பில் மெதுவாக வைத்துக்கொண்டால் போதும்.

டிரம்ஸ் வேண்டாம். கஹோன் என்கிற பெட்டி டிரம் வேண்டாம், தபேலா வேண்டாம், முக்கியமாகக் கீபோர்டில் அந்த ஆட்டோ ரிதத்தைத் தட்டிவிடுகிற அண்ணனைத் தயவுசெய்து கிட்டார் பக்கம் திருப்பிவிடுங்கள். இந்த இசையில் டிரம்ஸ் செய்கிற வேலையை மற்ற எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயமும் அதுதான்.

பங்கு இப்படி. ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று எண்ணுங்கள். பேஸ் ஒன்றிலும் மூன்றிலும் விழும். மேண்டலின் இரண்டிலும் நான்கிலும் ‘சக்’ என்று வெட்டும், இதற்கு சாப் என்று பெயர். கிட்டார் இரண்டையும் சேர்த்துச் செய்யும்: ஒன்றில் தடித்த கம்பியில் ஒற்றைச் சுரம், இரண்டில் கீழ்நோக்கி ஒரு வீச்சு. பேஞ்சோ கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று மாற்றி மாற்றி இடைவெளியை நிரப்பும்.

சாப்பை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் நிறையப் பேர் அதை வெறும் வீச்சாக நினைத்து வாசித்து மொத்தத்தையும் கொழகொழவென்று ஆக்கிவிடுகிறார்கள். விரல் அழுத்தாத கம்பி ஒன்றுகூட ஒலிக்கக் கூடாது. சி கார்டுக்கு தடித்த கம்பியிலிருந்து 5, 2, 3 என்ற ஃபிரெட்களை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளை எண்ணி) அழுத்துங்கள், மெல்லிய கம்பியில் வீச்சு பட வேண்டாம். அதே வடிவத்தை அப்படியே இரண்டு ஃபிரெட் தள்ளினால் 7, 4, 5, அது டி. ஜிக்குப் பெரியவர்கள் பிடிக்கிற 7-5-2-3 விரல் கிழிகிற பிடி, ஆரம்பத்தில் 4-5-5 என்று மூன்று கம்பியோடு விட்டுவிடுங்கள். இப்போது வீசுங்கள், வீசிய அதே கணத்தில் இடது கை விரல்களைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். சத்தம் சட்டென்று நின்றுபோகும். அந்த ‘சக்’தான் நம் டிரம்ஸ். தாளத்துக்கு ‘டிக்’ அடிக்கிற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 80 என்று வைத்து, அந்த ‘டிக்’ இரண்டிலும் நான்கிலும் விழுவதாக நினைத்துக்கொண்டு பழகுங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், பிறகு அது இல்லாமல் பழகவே பிடிக்காது. மேண்டலின்காரர் சோலோ வாசிக்கும்போது சாப் காணாமல் போகும், அப்போது பேஞ்சோவோ வயலினோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல கூட்டத்தில் இதை யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை, கை தானாகப் போகும்.

கார்டை எழுத்தாக நினைக்காமல் எண்ணாக நினைக்கப் பழகுங்கள். பாட்டின் ஆதார சுருதி 1, அதாவது ச. ம-வில் நிற்கிற கார்ட் 4, ப-வில் நிற்கிற கார்ட் 5. பெரும்பாலான புளூகிராஸ் பாட்டுகளுக்கு இந்த மூன்றே மூன்று கார்ட்தான். ஜியில் வாசித்தால் ஜி, சி, டி. ஏயில் வாசித்தால் ஏ, டி, ஈ. தெரியாத பாட்டு என்றால் பக்கத்தில் இருப்பவர் விரலைத் தூக்கி நான்கு, ஐந்து என்று காட்டினாலே பின்தொடர்ந்துவிடலாம். எண் எதற்கு என்றால் கேப்போ இருக்கிறதே, கழுத்தில் கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றுகிற கிளிப், அதற்காக.

“சேட்டா, ஜியா ஏயா?”

“ஏ மக்கா. கேப்போ ரெண்டு.”

கிட்டார்காரர் இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ மாட்டி ஜி வடிவத்தையே பிடிப்பார், ஆனால் கேட்பது ஏ. அவர் கையைப் பார்த்து மேண்டலினில் ஜி பிடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். கேப்போ நாலாவது ஃபிரெட்டில் என்றால் பி, ஆண்கள் உச்சத்தில் பாடுகிற பாட்டுகளுக்கு அதுதான் பிரியமான சுருதி. பேஞ்சோவில் கேப்போ மாட்டினால் குட்டைக் கம்பியையும் அதே அளவு ஏற்றிக்கொள்ள மறக்க வேண்டாம்.

இனி பாட்டு எப்படி ஓடும் என்பது. பாட்டை எடுத்தவர்தான் அந்தப் பாட்டுக்குத் தலைவர். சுருதி என்ன, முதலில் யார் எடுத்துக் கொடுப்பது என்று அவர் சொல்வார். ஒருவர் மெட்டின் கடைசி வரியை வாசித்துத் தொடங்குவார், பிறகு சரணம், பல்லவி, அப்புறம் யாராவது ஒருவருடைய சோலோ, திரும்பச் சரணம், பல்லவி, இன்னொரு சோலோ. அடுத்த சோலோ யாருக்கு என்று தலைவர் கண்ணாலேயே கேட்பார், நீங்கள் தலையாட்டினால் உங்களுடையது, வேண்டாமென்றால் பக்கவாட்டில் ஆட்டுங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை, அனுபவசாலிகளும் விட்டுக்கொடுப்பது உண்டு. தலைவர் ஒரு காலைத் தூக்கினால் இந்தச் சுற்றோடு முடிகிறது என்று பொருள், கடைசி வரியை இன்னொரு முறை பாடி எல்லாரும் ஒன்றாக நிறுத்துவார்கள். ஆகவே விரலைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், தலை நிமிர்ந்திருக்கட்டும்.

சத்தத்துக்கு ஒரே விதி. பாடுகிறவரின் வார்த்தை உங்களுக்குக் கேட்கவில்லையா, நீங்கள் அதிகமாக வாசிக்கிறீர்கள். மைக் வைக்காமல் வாசிப்பதால் இது இன்னும் கறார். ஒருவர் பாடும்போதோ சோலோ வாசிக்கும்போதோ மற்றவர் மெட்டு வாசிக்கக் கூடாது, வரிக்கும் வரிக்கும் நடுவே குரல் மூச்சு விடுகிற இடத்தில் ஒரு சின்னத் துணுக்கு போடலாம், அதையும் ஒருவர் மட்டும். சுருதி சேர்ப்பதைப் பாட்டுக்கு நடுவில் செய்யாதீர்கள். ட்யூனர் எல்லாருக்கும் ஆளுக்கொன்று இருக்கட்டும், விலை அதிகமில்லை.

முதல் சோலோவுக்கு வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பாடுகிற மெட்டையே வாசியுங்கள். அதற்கு மேல் ஏதாவது சேர்க்கணும் என்றால் மோகனம் ராகத்தின் ச-ரி-க-ப-த ஐந்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மேஜர் சுருதிப் பாட்டுகளில் அவை பெரும்பாலும் காப்பாற்றிவிடும். கமகத்தை அடக்கி வாசியுங்கள். சறுக்கல் ஒன்றிரண்டு அழகு, அசைவு அதிகமானால் பாட்டு வேறு பக்கம் போய்விடும். சில பாட்டுகளில் நிஷாதம் இறங்கி, ஹரிகாம்போதி வாடை அடிக்கும், அங்கே 5க்குப் பதில் இறங்கிய ஏழின் கார்ட் வரலாம், காதால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாடுவதுதான் எனக்குப் பிடித்த பகுதி, நம் ஊர்க்காரர்கள் அசத்தப்போவதும் இதில்தான். மூன்று குரல்: மெட்டைப் பாடுகிறவர் லீட், அவருக்கு மேலே டெனர், கீழே பேரிடோன். பக்திப் பாட்டில் நாலாவதாக பேஸ் குரலும் வரும். லீட் ச-வில் நின்றால் டெனர் மேலே க, பேரிடோன் கீழே ப. லீட் க-வுக்குப் போனால் டெனர் ப, பேரிடோன் ச. லீட் ப-வில் நின்றால் டெனர் மேல் ச, பேரிடோன் கீழே க. கார்ட் நாலுக்கு மாறினால் இதே ஏற்பாடு ம-த-ச என்ற மூன்றுக்குள், ஐந்துக்கு மாறினால் ப-நி-ரி என்ற மூன்றுக்குள். டெனர் சுலபமாக ஒரு மெட்டாகவே மனதில் நிற்கும், பேரிடோன் அங்குமிங்கும் குதிக்கும், தனியாகப் பாடினால் என்ன பாட்டு என்றே தெரியாது. கொயரில் ஆல்ட்டோ பாடிப் பழகியவரிடம் பேரிடோனைக் கொடுங்கள், அவருக்கு இந்தக் கஷ்டம் புதிதில்லை. பெண் லீட் ஏற்கெனவே உச்சத்தில் பாடுகிறார் என்றால் மற்ற இரண்டு பேரும் அவருக்குக் கீழேயே போகலாம்.

சுருதியைப் பாடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும், வாத்தியக்காரர் இல்லை. பாட்டின் உச்சச் சுரத்தை அவர் கத்தாமல், ஆனால் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தொடுகிற இடம் சரியான இடம், அந்த லேசான இறுக்கம்தான் புளூகிராஸ் குரலுக்கு அடையாளம். சேர்ந்து பாடும்போது குரலை ஆட்டாதீர்கள், நேராகப் பிடியுங்கள். மூன்று பேரும் தோளோடு தோள் நெருங்கி நின்று, லீடின் வாயைப் பார்த்து, வார்த்தையின் கடைசி மெய்யெழுத்தை ஒன்றாக மூடுங்கள். கென்டக்கி மூக்கொலியை நடித்துக் காட்ட வேண்டாம், நம் ஆங்கிலத்திலேயே பாடலாம். சங்கராபரணச் சாயலில், மூன்று கார்டுக்குள் அடங்குகிற தமிழ்க் கீர்த்தனையோ மலையாளப் பாட்டோ இருந்தால் அதையும் இந்தத் தாளத்தில் போட்டுப் பாருங்கள், சிலது அட்டகாசமாக உட்காரும், சிலது உட்காரவே உட்காராது.

நடைமுறைக்கு வருவோம். கூடுவதற்கு ஞாயிறு மதியம் வசதி, ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள், திருவனந்தபுரத்தில் இருப்பவர்கள்கூட குழித்துறைக்கு ரயிலில் வந்து திரும்பிவிடலாம். ஐந்தாறு பேருக்கு மேல் போனால் இரண்டு வட்டமாகப் பிரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் தாளம் ஒரு மூலைக்கு வந்து சேர்வதற்குள் இன்னொரு மூலை அடுத்த வரிக்குப் போயிருக்கும். மரச்சீனியும் சாயாவும் நடுவில் வரும், கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கம்பியைத் தொடுங்கள். நமக்கு இரண்டு மழையும் உண்டு, ஈரத்தில் வயலின் பசை விடும், ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து உறையில் போட்டுவிடுங்கள், உறைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் கிடக்கட்டும்.

கிளம்புவதற்கு முன்னால் அடுத்த வாரத்துக்கு ஆளுக்கு ஒரு பாட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவரவர் பாட்டின் சுருதி, எண்கள், வரிகள் மூன்றையும் வாட்ஸ்அப் குழுவில் புதன்கிழமைக்குள் போட்டுவிட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.