புவி வெப்பமயமாதல் பற்றிப் பேசப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பள்ளிகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசப் போகும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு குழுவும் பழைய இடத்திலேயே சறுக்குகிறது. மைக் பிடிப்பது, நேரம் தாண்டுவது போன்றவற்றை விட்டுவிடலாம். அறிவியலில் நேரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஓசோன் ஓட்டையைக் கலப்பது

அது வேறு பிரச்சினை. பேச்சில் கொண்டுவராதீர்கள்.

இரண்டு வரைபடங்களோடு முடித்துக்கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். 1958-இல் சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கோட்டைக் காட்டுவார்கள். பக்கத்திலேயே வெப்பநிலைக் கோடு. இரண்டும் ஏறுகின்றன, ஆகவே மனிதன்தான் காரணம் என்று முடித்துவிடுவார்கள்.

ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். “இத்தனை வருஷத்துல செல்போனும்தான் கூடியிருக்கு தம்பி. இந்த வாயு எரிமலையில இருந்து வரலைன்னு எப்படிச் சொல்றீங்க?” பேசியவர் மறுபடியும் அதே படத்தைக் காட்டினார். கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் இருக்கிறது. அது தெரியாமல் மேடையேறியதால், ‘இவங்களுக்கே தெரியலை’ என்று கூட்டம் முடிவுகட்டிவிட்டது. அப்புறம் என்ன சொன்னாலும் எடுபடவில்லை.

பதில் கார்பனிலேயே இருக்கிறது. கார்பன் அணுக்களில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு; கார்பன்-13, கார்பன்-14 என்பவை அவற்றில் இரண்டு. கார்பன்-14 தானாகச் சிதைந்து சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது மிச்சமே இல்லை. அவை எரிந்தால் காற்றிலும் அதன் விகிதம் குறையும். ஒரு காலத்தில் உயிரினங்களாக இருந்து உருவானவை என்பதால் அவற்றில் கார்பன்-13-உம் குறைவு. காற்றில் கார்பன்-13-இன் விகிதம் இறங்கிக்கொண்டே வருகிறது. எரிமலை வாயுவில் கார்பன்-13 அவ்வளவு குறைவில்லை. காரணம் எரிமலையாக இருந்தால் இப்படி இறங்காது. கூடவே காற்றின் ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில் குறைகிறது. ஏதோ எரிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கார்பன் டை ஆக்சைடு, நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

சரி, சூரியனாக இருக்குமோ? 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வருகின்றன. சூரிய வெப்பம் கூடவில்லை. சூரியன் காரணம் என்றால் காற்று மண்டலம் மேலே, கீழே எல்லாம் சூடாக வேண்டும். நடப்பதோ, தரையருகே சூடு ஏற, 30, 40 கிலோமீட்டர் உயரத்தில் குளிர்ந்துவருகிறது. ஸ்யுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-இலேயே கணக்குப் போட்டுச் சொன்னது இது.

ஒரு நாள் வெயிலைச் சான்றாக்குவது

வேண்டாம். முப்பது ஆண்டுச் சராசரியைப் பேசுங்கள்.

‘0.04 சதவீதம்தானே’ என்றதும் தடுமாறுவது

‘காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தானே, அது என்ன செய்துவிடும்?’ என்று கேட்பார்கள். காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் தரை வெளிவிடும் வெப்பக் கதிரைத் தடுப்பதே இல்லை. 1859-இல் லண்டனில் ஜான் டின்டால் ஒவ்வொரு வாயுவாகக் குழாயில் அடைத்து அளந்து பார்த்துவிட்டார். தடுப்பவை நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற சொற்ப வாயுக்கள்தான். அவற்றில் ஒன்றான கார்பன் டை ஆக்சைடைத்தான், தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த பத்து லட்சத்துக்கு 280 பங்கிலிருந்து ஒன்றரை மடங்காக்கியிருக்கிறோம்.