எடுக்கப்படாத படத்துக்கு ஒரு ட்ரெய்லர்: மாணவர்கள் திகில் முன்னோட்டத்தைத் திட்டமிடும் முறை

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மாணவர்களுக்கு, "ஒன்றரை நிமிடத் திகில் ட்ரெய்லர் ஒன்றைச் செய்து வாருங்கள்" என்ற பயிற்சி ஏதாவதொரு பருவத்தில் வந்து சேரும். எளிதாகத் தோன்றும் இந்தப் பயிற்சியில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. திரையரங்கில் நாம் பார்க்கும் முன்னோட்டம், பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்து வைத்த பல மணி நேரக் காட்சிகளிலிருந்து வெட்டித் தொகுக்கப்படுகிறது. மாணவருக்கோ வெட்டி எடுப்பதற்குப் படமே கிடையாது. இல்லாத ஒரு படத்தின் துண்டுகளை மட்டும் படமாக்கி, அந்தப் படம் எங்கோ முழுமையாக இருக்கிறது என்று பார்ப்பவரை நம்பவைக்க வேண்டும். அதனால் கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன் செய்யும் திட்டமிடல்தான் இதில் பெரிய வேலை. அந்த வேலையை முதலிலிருந்து விளக்குவதற்காக, "தொட்டி" என்று நான் பெயர் வைத்துக்கொண்ட ஒரு கற்பனைப் படத்தை எல்லாப் படிகளிலும் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துகிறேன்.

படி 1: கதையை முடிவுவரை எழுதுங்கள்

பல குழுக்கள் "கதவு தானாகத் திறக்கிறது, கண்ணாடியில் உருவம் தெரிகிறது" என்று பயமுறுத்தும் காட்சிகளைப் பட்டியலிடுவதிலிருந்து தொடங்குகின்றன. அப்படித் தொடங்கினால், ஒன்றோடொன்று ஒட்டாத காட்சிகளின் குவியல்தான் கடைசியில் மிஞ்சும். அதற்குப் பதிலாக, படத்தின் கதையை முடிவு உட்பட ஒரே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

"தொட்டி"யின் கதை இதுதான். ஊர் எல்லையிலுள்ள ஒரு பழைய வாடகை வீட்டுக்கு அக்காவும் தம்பியும் குடிவருகிறார்கள். இரவு மூன்று மணிக்கு, யாரும் சுவிட்சைத் தொடாமலே தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. மாடித் தொட்டி நிரம்பி, முற்றமெங்கும் தண்ணீர் வழிகிறது. ஃபியூஸைப் பிடுங்கி வைத்த பிறகும் மோட்டார் நிற்பதில்லை. பின்கட்டில் சிமெண்ட் பூசி அடைக்கப்பட்ட பழைய சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) ஒன்று இருப்பதைத் தம்பி கண்டுபிடிக்கிறான். பல ஆண்டுகளுக்கு முன் அதற்குள் விழுந்த ஒரு குழந்தையை வெளியே எடுக்காமலே மூடிவிட்டார்கள். தண்ணீர் முழுவதும் வற்றினால் யாராவது தன்னைக் கண்டெடுப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் குழந்தை ஒவ்வோர் இரவும் மோட்டாரைப் போடுகிறது.

இந்தக் கடைசி வாக்கியம் ட்ரெய்லரில் வரவே வராது. ஆனால் அது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அக்காவாக நடிக்கும் மாணவி சிமெண்ட் மூடியின்மேல் காதை வைக்கும் ஷாட்டில் அவர் முகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று உங்களால் சொல்ல முடியும். வெறும் பயம் என்று சொல்லாமல், பயத்தோடு ஓர் இரக்கமும் வேண்டும் என்று கேட்பீர்கள். கதையின் முடிவை அறிந்த இயக்குநரால்தான் இப்படிக் கேட்க முடியும்.

படி 2: ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

எழுதிய பக்கத்தைத் திரும்பப் படித்து, ட்ரெய்லர் பார்ப்பவர் மனத்தில் எந்தக் கேள்வியோடு எழுந்து போக வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில், "மோட்டாரை யார் போடுகிறார்கள்?" என்பதுதான் அந்த வரி. அந்தக் கேள்வியைக் கூர்மையாக்காத எந்தக் காட்சியும், எவ்வளவு அழகாக இருந்தாலும், திட்டத்திலிருந்து நீக்கப்பட வேண்டும்.

ஒரு கேள்வி போதுமா என்று தயங்குபவர்கள் 1980-இல் வெளியான "தி ஷைனிங்" படத்தின் டீசரைப் பார்க்கலாம். அசையாத ஒரே ஷாட். மூடிய லிஃப்ட் கதவுகள். மேலே ஏறும் எழுத்துகள். பிறகு கதவின் விளிம்பிலிருந்து பெருக்கெடுக்கும் இரத்த வெள்ளம். நடிகர்களின் முகமோ ஒரு வசனமோ கதைச் சுருக்கமோ அதில் இல்லை. "அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடந்தது?" என்ற ஒரு கேள்வி மட்டும் நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

பேயின் தோற்றத்தைப் பற்றியும் இந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள். வெள்ளைப் புடவையையும் விரித்த கூந்தலையும் தமிழ்ப் பார்வையாளர் குழந்தைப் பருவத்திலிருந்தே பார்த்துப் பழகிவிட்டார். ட்ரெய்லரில் அவை வந்த கணமே அவர் நிம்மதியாகிவிடுவார். உருவத்தைக் காட்டாமல் இருப்பது என் உறுதியான பரிந்துரை. 1999-இல் வெளியான "தி பிளேர் விட்ச் புராஜெக்ட்" படத்தை இயக்கிய இருவரும் அமெரிக்காவின் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்தவர்கள். முதன்மைப் படப்பிடிப்பை ஏறக்குறைய எட்டு நாட்களில் முடித்தார்கள். கேமராவை நடிகர்களின் கையிலேயே கொடுத்தார்கள். அந்தச் சூனியக்காரியை ஒரு முறைகூடக் காட்டவில்லை. பணமில்லாத குழுவுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: உடல் குறைபாட்டையோ, தீக்காயத் தழும்பையோ, மனநோயையோ, ஏதோ ஒரு சமூகத்தாரின் வழிபாட்டையோ பயத்துக்குக் காரணமாக்காதீர்கள். அவற்றோடு வாழ்கிறவர்கள் உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

படி 3: படத்துக்கு முன் ஒலியைத் தயாரியுங்கள்

தொடக்கநிலை மாணவர்கள் அனைவரும் கடைசியில் செய்யும் வேலையை நான் முதலில் செய்யச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொள்ள முடிகிற அளவு எளிதாகக் காதை மூடிக்கொள்ள முடியாது என்பதால், திகில் படத்தில் பயத்தின் பெரும்பங்கு ஒலியிலேயே இருக்கிறது. எனவே ஷாட் எதையும் எழுதுவதற்கு முன், 90 விநாடிகளுக்கான ஒலித் தடம் ஒன்றைக் கைபேசியிலேயே பதிவு செய்து, கரடுமுரடாகத் தொகுத்துக்கொள்ளுங்கள்.

"தொட்டி"க்குத் தேவையான ஒலிகள் எல்லாமே வீட்டில் கிடைப்பவை. மோட்டார் ஓடும்போது எழும் உறுமல், சுவிட்சைப் போடும் "டக்", மாடியிலிருந்து தண்ணீர் தரையில் விழும் சத்தம், மோட்டார் நின்றதும் சட்டென்று வந்து சூழும் அமைதி ஆகிய நான்கையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். அறையில் யாரும் பேசாமல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெறும் அறையின் ஒலியை 30 விநாடிகள் பதிவு செய்து வைத்துக்கொள்வது மிக அவசியம். அறையின் இயல்பான ஒலி கீழே ஓடாவிட்டால், தொகுப்பில் ஒலி அறுந்து அறுந்து கேட்கும்.

மற்றவற்றுக்குச் சமையலறையை நாடலாம். முற்றிய முருங்கைக்காயை மைக்குக்கு அருகில் முறித்தால் எலும்பு முறிவது போல் ஒலிக்கும். ஈரத் துணியைப் பிழிந்தால் தசை நெரிபடுவது போல் இருக்கும். மூச்சை உள்ளிழுக்கும் ஒலியைப் பதிவு செய்து தலைகீழாக ஓடவிட்டால், மனிதக் குரலா இல்லையா என்று பிரித்தறிய முடியாத ஓர் ஒலி கிடைக்கும். சினிமாப் பின்னணி இசையை எடுத்துப் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். உரிமைச் சிக்கல் ஒரு காரணம். அந்த இசையைக் கேட்டதும் பார்ப்பவர் அந்தப் படத்தை நினைத்துவிடுவார் என்பது அதைவிடப் பெரிய காரணம். இசை தேவையென்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியவை இருக்கின்றன. உரிமக் குறிப்பைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: விநாடிக் கணக்கைப் போடுங்கள்

ஒலித் தடத்தைக் கேட்டபடியே, ஒரு தாளில் 90 விநாடிகளுக்குக் கோடு இழுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் 25 விநாடிகள் இயல்பு வாழ்க்கைக்கு: சாமான்கள் இறங்குகின்றன, தம்பி குடத்தில் தண்ணீர் பிடிக்கிறான், மாலையில் அக்கா மோட்டார் போடுகிறாள். இந்தப் பகுதியை மாணவர்கள் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பகலில் அந்த மோட்டார் சத்தத்தை ஒரு முறை சாதாரணமாகக் கேட்டிருந்தால்தான், இரவில் அதே சத்தம் பார்ப்பவரின் வயிற்றைப் பிசையும்.

அடுத்த 20 விநாடிகளில் முதல் பிசகு நடக்கிறது: இருட்டு, கடிகாரம், மோட்டார் ஓடும் ஒலி, கண் விழிக்கும் அக்கா. அதன் பிறகு 27 விநாடிகள் வேகம் கூடுகிறது. ஃபியூஸ் அக்காவின் உள்ளங்கையில் இருக்க, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. சிவப்புச் சிமெண்ட் தரையில் சின்னஞ்சிறு ஈரக் காலடிகள் தெரிகின்றன. தம்பி மூடியைத் தட்ட, உள்ளிருந்து அதே எண்ணிக்கையில் தட்டும் சத்தம் திரும்பி வருகிறது. ஷாட்டுகள் இங்கே ஒரு விநாடிக்கும் குறைவாகச் சுருங்கலாம்.

72-ஆவது விநாடியில் எல்லா ஒலியும் ஒரேயடியாக நிற்க வேண்டும். நான்கு விநாடி அமைதி. பிறகு, காலை வெளிச்சத்தில் அக்கா குழாயைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடிக்கிறாள். "டிங்" என்று ஏதோ விழுகிறது. டம்ளருக்குள் ஒரு பால் பல் கிடக்கிறது. கடைசி அடி அலறலாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். முழு அமைதிக்குப் பின் வரும் சிறிய ஒலி, பெரிய ஓசையைவிட ஆழமாக இறங்கும். அந்தப் பல்லை மெழுகுவத்தியில் செதுக்கிவிடலாம். ஒலிக்கு ஒரு சிறு கூழாங்கல் போதும்.

படி 5: ஷாட் லிஸ்ட்

இந்தக் கணக்கின்படி 35 முதல் 45 ஷாட்டுகள் தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் எண், இடம், பகலா இரவா, யார் யார், எத்தனை விநாடி, என்ன ஒலி என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிறு படமும் வரைந்துகொள்ளுங்கள். குச்சி மனிதர்கள் போதும். பிறகு கதை வரிசையைக் கலைத்துவிட்டு, இடத்தின்படியும் வெளிச்சத்தின்படியும் தொகுத்து எழுதுங்கள். முற்றத்துப் பகல் ஷாட்டுகள் அனைத்தும் ஒரே மூச்சில் முடிய வேண்டும். யார் எந்தச் சட்டை அணிந்திருந்தார், தலைமுடி ஈரமா உலர்ந்ததா என்பதைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும்.

படி 6: இருட்டுக்கும் லைட் வேண்டும்

நான் முதன்முதலில் உடனிருந்த மாணவர் குழு, இருட்டுக் காட்சி என்பதற்காக அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் படமெடுத்தது. கைபேசி தானாகவே ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன் அளவை) உயர்த்திக்கொண்டதில், இருள் முழுவதும் புள்ளி புள்ளியாகக் கொதித்தது. ஓர் இரவின் உழைப்பு முழுவதும் வீணானது. வருத்தமான அந்த இரவில் நாங்கள் கற்றது இதுதான்: நல்ல வெளிச்சத்தை ஒரே பக்கத்திலிருந்து கொடுத்து, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) குறைத்து இருளை உண்டாக்க வேண்டும். முகத்தின் ஒரு பாதி தெரிந்து மறு பாதி கறுத்துப்போக, எல்இடி விளக்கு ஒன்றை நடிகரின் பக்கவாட்டில் வைத்து, அதன்முன் சற்றுத் தள்ளி பட்டர் பேப்பரைப் பிடித்தாலே போதும். பின்னால் தொலைவில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்தால், அறைக்கு ஆழம் கிடைக்கும். அந்த ஆழத்தில் ஏதாவது நகருமோ என்று பார்ப்பவர் தானாகவே தேடத் தொடங்குவார்.

தொழில்நுட்ப அமைப்பில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், டியூப் லைட்டும் சில எல்இடிகளும் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றும், ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி பதியும் நேரத்தை) 1/50 விநாடி என்றும் அமைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும் கோடுகளைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். கைபேசியில் 30 ஃபிரேம் மட்டுமே இருந்தாலும், ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டிவிடுங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் அவ்வாறே பூட்டிவிட வேண்டும். பயமான ஷாட்டின் நடுவில் வெளிச்சம் தானாகக் கூடிக் குறைந்தால், பார்ப்பவருக்குக் கேமராவின் நினைப்பு வந்துவிடும்.

வெளிப்புற இரவுக் காட்சியை நள்ளிரவில் எடுக்க வேண்டியதில்லை. சூரியன் மறைந்த பின் நீலம் பாய்ந்திருக்கும் நேரம் நம் பகுதியில் ஏறத்தாழ 20 நிமிடங்கள் நீடிக்கும். ஒத்திகையை முன்னதாகவே முடித்துவிட்டு, வீட்டின் முகப்பு, மாடித் தொட்டி போன்ற மூன்று நான்கு ஷாட்டுகளை அதற்குள் எடுத்துவிடலாம். கேமராவை மெல்ல முன்னகர்த்த, வழுவழுப்பான தரையில் ஒரு போர்வையை விரித்து, ட்ரைபாடை அதன்மேல் வைத்து, ஒருவர் சீராக இழுத்தால் போதுமானது.

படி 7: அனுமதியும் பாதுகாப்பும்

வீட்டு உரிமையாளரிடமும் கல்லூரியிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பதினெட்டு வயது நிறையாதவர் நடித்தால், பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். இரவில் அலறல் காட்சி இருந்தால், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே நேரில் சென்று சொல்லிவிடுங்கள். ஒரு முறை இதைச் செய்யத் தவறியதால், உண்மையென்று நம்பி ஓடி வந்த ஒரு முதியவர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். "தொட்டி" போன்ற கதையில் இன்னும் கவனம் தேவை. உண்மையான சம்ப்புக்குள் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. மூடிக் கிடக்கும் தொட்டியில் மூச்சுவிடக் காற்று இல்லாமல் உயிர் போகும். மூடியைத் தரையில் ஒரு சிமெண்ட் பலகையை வைத்தே காட்டிவிடலாம். ஈரத் தரையில் மின்கம்பி எதுவும் கிடக்கக் கூடாது. ஃபியூஸ் ஷாட்டுக்கு, எந்த இணைப்பிலும் இல்லாத பழைய ஃபியூஸ் கட்டையைக் கையில் கொடுங்கள்.

படி 8: தொகுப்பும் சோதனையும்

படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதுமானது. முன்பே செய்து வைத்த ஒலித் தடத்தை முதலில் போட்டு, அதன்மேல் ஷாட்டுகளை அடுக்குங்கள். எழுத்துத் திரைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். மெல்லிய கோடுகள் கொண்ட தமிழ் எழுத்துரு கைபேசித் திரையில் கரைந்துவிடும் என்பதால், தடித்ததைத் தேர்ந்தெடுங்கள்.

முடித்ததும், கதையை அறியாத மூன்று பேரிடம், ஹெட்ஃபோனைக் கொடுத்துத் தனித்தனியாகப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் பார்க்கும்போது நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த விநாடியில் கண் திரையை விட்டு விலகியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, "படத்தின் கதை என்னவாக இருக்கும்?" என்று கேளுங்கள். குழந்தை, சம்ப், மூடியது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்றால், ஈரக் காலடி ஷாட்டையோ தட்டும் ஒலியையோ எடுத்துவிடுங்கள். எதுவுமே புரியவில்லை என்றால், மாலையில் அக்கா சுவிட்சைப் போடும் ஷாட்டை இரண்டு விநாடி நீட்டிப் பாருங்கள். மூவரும் "மோட்டாரை யார் போடுவது?" என்று உங்களிடமே திருப்பிக் கேட்டால், தலைப்பு மறைந்த பின் வரும் கறுப்புத் திரையில் சுவிட்சின் "டக்" ஒலியை மட்டும் சேர்த்து, கோப்பை ஏற்றுமதி செய்துவிடலாம்.