பழைய பாலிமர் நோட்டு வாங்கப் போறீங்களா? முதல்ல இதையெல்லாம் பாருங்க

"உலகத்தோட முதல் பிளாஸ்டிக் நோட்டு"ன்னு போட்டு விக்கிற எல்லாமே அரிதான நோட்டு கிடையாது. ஆஸ்திரேலியா 1988 ஜனவரியில விட்ட 10 டாலர எடுத்துக்கோங்க, பிளாஸ்டிக் ஃபிலிம் மேல அச்சடிச்சு புழக்கத்துக்கு வந்த முதல் நோட்டு அதுதான், ஆனா அப்பவே ஏகப்பட்ட பேர் ஞாபகார்த்தமா எடுத்து வெச்சுட்டாங்க, அதனால நல்ல கண்டிஷன்ல இன்னைக்கும் தாராளமா கிடைக்குது. பேருக்காக காசு குடுக்காதீங்க. எந்த வெரைட்டி, என்ன சீரியல் நம்பர், நோட்டு எப்படி இருக்கு, விலைய முடிவு பண்றது இந்த மூணும்தான்.

ஆஸ்திரேலியாவுக்கு முன்னாடியே டைவெக் நோட்டு வந்துருச்சு. டைவெக்னா பாலிஎத்திலீன் நார அழுத்தி செய்யுற ஒரு ஷீட், ஃபிலிம் கிடையாது. அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி 1980ல ஹைட்டிக்கு அதுல அடிச்சாங்க, 1983ல கோஸ்டாரிகா 20 கோலோன் வந்துச்சு, அதே 1983ல பிரிட்டன் பக்கத்துல இருக்குற ஐல் ஆஃப் மேன் தீவுக்கு பிராட்பரி வில்கின்சன்ங்கிற அச்சு கம்பெனி டைவெக்லயே 'பிராட்வெக்'ங்கிற பேர்ல 1 பவுண்டு அடிச்சாங்க. எதுவும் நிலைக்கல, மை சரியா ஒட்டாம கை பட பட கலைஞ்சு போச்சு. அதனாலேயே புழங்கின டைவெக் நோட்டுல பிரிண்ட் சுத்தமா நிக்கிறது கஷ்டம், அப்படி ஒண்ணு கிடைச்சா கொஞ்சம் கூட குடுக்கலாம்.

இங்க உஷாரா இருக்கணும். ஹைட்டிலயும் கோஸ்டாரிகாவுலயும் அதே டிசைன் காகிதத்துலயும் இருக்கு, ஃபோட்டோவ மட்டும் பாத்துட்டு டைவெக்னு நம்பி வாங்கிடாதீங்க. வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா நார் சுழிச்சு சுழிச்சு ஓடுறது தெரியும், விக்கிறவர்கிட்ட அப்படி ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஐல் ஆஃப் மேன்ல இந்த பிரச்சனை இல்ல, பிராட்வெக் பச்சை, காகித 1 பவுண்டு ஊதா.

இப்ப அந்த 10 டாலர். 1966ல ஆஸ்திரேலியா டாலருக்கு மாறின அதே வருஷம் 10 டாலர்ல கள்ள நோட்டு வந்துருச்சு, அதுக்கப்புறம் ரிசர்வ் பேங்கும் சிஎஸ்ஐஆர்ஓங்கிற அரசு ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் சேந்து இருபது வருஷத்துக்கு மேல உழைச்சதோட பலன்தான் இது. ஒரு பக்கம் சிட்னி கடற்கரையில சப்ளை கப்பல், இன்னொரு பக்கம் உடம்புல கோலம் வரைஞ்ச பழங்குடி இளைஞர், கண்ணாடி மாதிரி ஜன்னல்ல கேப்டன் குக் முகம் சாய்க்க சாய்க்க மின்னும். கைல வெச்சுப் பாத்தா எவ்வளவு துணிச்சலான வேலைன்னு புரியும். பார்க்க வேண்டிய முதல் இடம் அந்த ஜன்னல்தான், கீறலோ தேய்மானமோ இருந்தா மத்ததெல்லாம் புதுசா இருந்தாலும் விலை இறங்கிரும். அடுத்து நம்பர், ஏஏ-ன்னு ஆரம்பிக்கிறது முதல்ல அடிச்சது, ஏபி பின்னாடி வந்தது. 26 ஜனவரி 1988னு தேதி அச்சிட்டு, சேகரிக்கிறவங்களுக்காக அட்டை ஃபோல்டர்ல வெச்சு வித்த நோட்டும் இருக்கு, அதையும் சாதாரண நோட்டையும் ஒரே கணக்குல பேசாதீங்க.

தேதியாலயும் நம்பராலயும் விலை மாறுறது மத்த நாட்டுலயும் உண்டு. சிங்கப்பூர் 1990ல சுதந்திர வெள்ளி விழாவுக்கு விட்ட 50 டாலர்ல தேதி அடிச்சதும் அடிக்காததும் வேற வேற. இலங்கை 1998ல விட்ட 200 ரூபாய்ல ஃபோல்டர்ல வந்ததுக்கு சிவப்பு நம்பர், புழக்கத்துக்கு வந்ததுக்கு கருப்பு நம்பர். தமிழ் எழுத்து இருக்குற பாலிமர் நோட்டுங்கிறதால எனக்கு இது மேல தனி பாசம், நம்மாளுங்க தொடங்குறதுக்கு இதவிட நல்ல நோட்டு இல்லன்னு நினைக்கிறேன். மலேசியா 1998 காமன்வெல்த் போட்டிக்கு விட்ட 50 ரிங்கிட்ல நம்பருக்கு முன்னாடி கேஎல்/98னு இருக்கும். குவைத் 1993ல விட்ட 1 தினார் செலவு பண்றதுக்கே இல்ல, வெறும் நினைவு நோட்டு. சீனாவோட 2000ஆம் வருஷ 100 யுவான் டிராகன் நோட்டு கதை வேற, ஒரு கோடி அடிச்சாங்க, கேட்டா பெரிய எண்ணிக்கை மாதிரி தெரியும், ஆனா சீனாவுலயே தேடுற ஆளுங்க அவ்வளவு பேர், விலையும் அதிகம், போலியும் அதே அளவுக்கு சுத்துது.

கண்டிஷன் பாக்குறப்போ காகித நோட்டு பழக்கத்த விட்டுருங்க. பாலிமர் சீக்கிரம் கிழியாது, ஆனா ஒரு தடவை அழுத்தி மடிச்சா அந்த கோடு போகவே போகாது, புழங்கப் புழங்க மடிப்புல மை உரிஞ்சு வெள்ளையா தெரியும். லைட்டுக்குக் கீழ சாய்ச்சு சாய்ச்சு பாருங்க. மடிப்ப எடுக்குறேன்னு அயர்ன் பாக்ஸ் பக்கம் போயிடாதீங்க, பாலிமர் நோட்டு பாலிப்ரொப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக், சூட்டுல சுருங்கிரும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. மூலையில ஒரு நம்பரோ ஓவியத்துல ஒரு பகுதியோ காணோம்னு "எரர் நோட்டு" (அச்சுப் பிழை உள்ள நோட்டு)ன்னு பெரிய விலை சொன்னா நிதானமா இருங்க, பாலிமர் மேல இருக்குற மைய கெமிக்கல் வெச்சு துடைச்சு எடுக்கலாம், இந்த ஏமாத்து வேலை நிறைய நடக்குது. லென்ஸ் வெச்சு பாத்தா மிச்சமிருக்குற மையோ அழுத்தின தடமோ தெரிய வாய்ப்பிருக்கு, பெரிய தொகைன்னா பிஎம்ஜி மாதிரி, நோட்ட பரிசோதிச்சு தரம் போடுற கிரேடிங் கம்பெனி சீல் பண்ணத மட்டும் வாங்குங்க.

வெச்சுக்கிறதுக்கு பிவிசி கவர் வேணாம், நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆயிரும், பாலியெஸ்டர் கவர்ல போட்டு சூடும் வெயிலும் படாத இடத்துல படுக்க வைங்க, ரப்பர் பேண்ட் போடவே போடாதீங்க. ஃபோல்டரோட வாங்கினா ஃபோல்டரையும் பத்திரமா வைங்க, கறை படிஞ்சாலோ நோட்டுல இருக்குற நம்பரும் ஃபோல்டர்ல போட்ட நம்பரும் ஒத்துப் போகலன்னாலோ அடுத்து வாங்குறவர் அதக் காட்டியே விலையக் குறைப்பார்.